செலெஸ்தே நிறமும் ஒரு சாதாரண அலுமினியமும்: பியாங்கி வியா நிரோனே 7, பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

இத்தாலியின் மிலானில் பியாங்கி சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொன்னால் ஊர் நண்பர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: காசு வண்டிக்கா, பெயருக்கா? வேலை நிமித்தம் இங்கே வந்து குடியேறிய பிறகு வாங்கிய வியா நிரோனே 7 என்ற மாடலைப் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். ஆபீஸ் போகவும் அதுதான், ஞாயிற்றுக்கிழமை மலை ஏறவும் அதுதான். பெயருக்கும் ஒரு பங்கு போகிறது, உண்மைதான். அந்தப் பங்குக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பது வாங்கிய புதிதில் தெரியாது. இப்போது ஓரளவு தெரிகிறது.

முதலில் வண்டி. அலுமினியம் ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ சோரா 9 கியர். முன்னால் 50 பல், 34 பல் என்று இரண்டு பல்சக்கரங்கள், பின்னால் கேசட் என்ற பல்சக்கர அடுக்கின் பெரிய சக்கரத்தில் 32 பல். பிரேக் பழைய மாதிரி ரிம்மைப் பிடிக்கும் கேலிப்பர். பெடலோடு தூக்கிப் பார்த்தால் 10 கிலோவை ஒட்டி வரும். சர்வதேசப் பந்தயங்களில் ஒரு சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. பெரிய அணிகளின் வண்டிகள் அந்தக் கோட்டை ஒட்டியேதான் நிற்கும். ஆக, இது பந்தய வண்டி இல்லை. பந்தயக் கம்பெனி ஒன்று சாதாரண மனிதர்களுக்காகச் செய்த வண்டி. ஹேண்டில்பார் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது, எட்டிப் பிடிக்க வேண்டிய தூரமும் குறைவு. மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் கழுத்தும் இடுப்பும் சண்டைக்கு வருவதில்லை. என்னைப் போல ஆபீஸ் நாற்காலியில் வாரம் முழுக்கக் கிடந்து, விடுமுறை நாளில் திடீரென்று நீண்ட தூரம் போகிறவருக்கு இந்த உட்காரும் வாகு மிக முக்கியம். கடையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும்போது இந்த வசதி புலப்படாது. மூன்றாவது மணி நேரத்தில்தான் புரியும்.

மிலான் சாலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அலுமினியம் என்றாலே உடம்பைக் குலுக்கி எடுத்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நகரத்தின் நடுப்பகுதியில் பல தெருக்கள் கருங்கல் பாளங்கள் பதித்தவை. நடுவே டிராம் தண்டவாளம் வேறு. மழை பெய்தால் அந்தத் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கவே கூடாது, நேர்குத்தாகக் கடக்க வேண்டும். கல் பாவிய தெருவில் இந்த ஃபிரேம் அதிர்வைக் கையில் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி டயர் காற்றைப் பொறுத்தது. விட்டோரியா ஸஃபிரோ 25 மில்லிமீட்டர் டயரில் கடைக்காரர்கள் அடித்துக் கொடுக்கும் அளவுக்கு இறுக்கமாகக் காற்று வைத்தால் பல் ஆடும். கொஞ்சம் இறக்கி வைத்தால் வேறு வண்டியாகிவிடும். புது மாடல்களில் 28, 30 மில்லிமீட்டர் டயர் போட்டு இந்தப் பிரச்சினையையே தீர்த்துவிடுகிறார்கள். என்னுடையதில் 25-தான் நிம்மதியாக நிற்கிறது, அது இந்த வண்டிக்கு வயதாகிவிட்டதற்கான முதல் அடையாளம்.

சரி, பெயருக்கு வருவோம். வியா நிரோனே என்பது மிலான் நடுவில், சந்த் அம்ப்ரோஜியோ தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் தெரு. அதன் 7-ஆம் எண் கட்டடத்தில்தான் 1885-இல் எடோவார்டோ பியாங்கி தன் பட்டறையைத் தொடங்கினார். அநாதை இல்லத்தில் வளர்ந்தவர், அப்போது வயது இருபதை ஒட்டி. அறுவைச் சிகிச்சைக் கருவிகளும் சைக்கிளும் ஒரே பட்டறையில் உருவாயின. முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு நின்ற பழைய வண்டிகளை விட்டுவிட்டு, இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவில், செயின் வைத்து ஓடும் வண்டிக்கு அவர் மாறினார். காற்றடைத்த டயரையும் இத்தாலியில் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1895-இல் இத்தாலி அரசி மார்கரீத்தாவுக்கு வண்டி செய்துகொடுக்க மோன்சா அரண்மனைக்கு அழைக்கப்பட்டார், ஓட்டவும் அவரே கற்றுக்கொடுத்தார். இன்றும் தொழிலில் இருக்கும் சைக்கிள் கம்பெனிகளில் இதுதான் உலகிலேயே மூத்தது என்கிறார்கள்.

இதெல்லாம் விளம்பரத்தில் வருவதுதான். ஆனால் ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில் எப்போதாவது அந்தத் தெரு வழியாக வருவேன். கம்பெனியின் முதல் முகவரியைத் தன் மேல் எழுதியிருக்கும் ஒரு வண்டியை அந்த முகவரியின் வழியாகவே ஓட்டிச் செல்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பியாங்கியின் தலைமையகம் இருக்கும் த்ரெவில்யோவுக்கு மிலானிலிருந்து சைக்கிளிலேயே போகலாம். சுமார் 40 கிலோமீட்டர். 15-ஆம் நூற்றாண்டில் வெட்டிய மர்த்தெசானா கால்வாயின் கரையோடு பெரும்பாலும் மேடு பள்ளமில்லாத பாதை. கசானோவில் அத்தா ஆற்றைக் கடந்தால் சிறிது தூரத்தில் ஊர் வந்துவிடும். வசந்த காலத்தில் காலையில் கிளம்பினால் நடுவில் எங்காவது காப்பி குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ரோடு பைக் வாங்கி, எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இந்தப் பாதையை நான் சொல்வேன்.

நிறம்தான் அடுத்தது. செலெஸ்தே. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே வெளிறிய ஒன்று. அரசியின் கண் நிறம் என்று ஒரு கதை, மிலான் வானத்தின் நிறம் என்று இன்னொன்று, ராணுவத்தில் மிச்சமான பெயின்டைக் கலந்து அடித்தது என்று மூன்றாவது. மூன்றில் கடைசிக் கதை எனக்குப் பிடிக்கும், பட்டறைக்காரர்கள் செய்யக்கூடிய காரியம் அது. கதை எதுவானாலும், ஒரு தெருக்கோடியில் இந்த நிறம் தெரிந்தால் இத்தாலியர்கள் வண்டியின் எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை.

ஓட்டுபவருக்கு இதில் ஒரு தொல்லையும் உண்டு. செலெஸ்தே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. சில வருடங்களில் பச்சை தூக்கல், சில வருடங்களில் நீலம் தூக்கல். இப்போது சிகே16 என்ற எண்ணில் வருவது ஒரு சாயல். செயின் துள்ளித் துள்ளி என் வண்டியின் வலது பக்கப் பின்குழாயில் விரல் நீளத்துக்குப் பெயின்ட் போய்விட்டது. சரிசெய்ய வாங்கிய செலெஸ்தே பெயின்ட் பக்கத்தில் வைத்தால் தனியாகத் தெரிந்தது. கடைசியில் கைகொடுத்தது அழகுசாதனக் கடையில் கிடைத்த நெயில் பாலிஷ். வெளிர்ப் பச்சை ஒன்று, வெளிர் நீலம் ஒன்று, இரண்டையும் மாற்றி மாற்றி மெல்லிய பூச்சாக அடித்து, மேலே நிறமில்லாத பாலிஷ் ஒரு கோட். ஓரடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. வாங்குபவர்கள் முதல் நாளே அந்தக் குழாயில் ஒரு பழைய ட்யூபைக் கிழித்துச் சுற்றிவிடுங்கள். அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது என்பதால் ஃபிரேமுக்கு ஆபத்தில்லை, ஆனால் இந்த நிறத்துக்காகத்தானே காசு கொடுத்தோம்.

பியாங்கியின் பெயருக்கு இன்றும் ஒரு கனம் இருக்கிறதென்றால் அதற்கு முதல் காரணம் பந்தய வீரர் ஃபௌஸ்தோ கோப்பி. 1940-இல் இளைஞராக, இத்தாலியைச் சுற்றி நடக்கும் ஜீரோ பந்தயத்தின் பட்டத்தை முதன்முதலில் வென்றபோது அவர் லெஞ்ஞானோ அணியில் இருந்தார். போருக்குப் பிறகுதான் பியாங்கிக்கு வந்தார். 1949-இல் ஜீரோ தி இத்தாலியா, பிரான்ஸைச் சுற்றி நடக்கும் தூர் தெ ஃபிரான்ஸ் இரண்டையும் ஒரே வருடத்தில் வென்றார். 1952-இல் மறுபடியும் அதையே செய்தார். 1949 ஜீரோவில் கூனியோவிலிருந்து பினெரோலோ வரையிலான நாளை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். ஐந்து மலைகள். மத்தலேனாவில் தனியாகப் பிரிந்து, வார், இசோவார், மோன்ஜினேவ்ர், செஸ்த்ரியேரே என்று ஏறி இறங்கி, 192 கிலோமீட்டர் ஒற்றை ஆளாக ஓட்டி முடித்தார். இரண்டாவதாக வந்த பர்தாலி 11 நிமிடம் 52 விநாடி பின்தங்கியிருந்தார். அந்த நாள் வானொலி வர்ணனையில் 'தனி ஒருவன் முன்னணியில்' என்று மாரியோ ஃபெர்ரெத்தி தொடங்கிய வாக்கியத்தை, அந்த வருடத்தில் பிறந்தே இராதவர்கள்கூட மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதில் சட்டையின் நிறமும் வரும்: வெள்ளையும் செலெஸ்தேவும்.

கோப்பிக்குப் பிறகு ஃபெலிச்சே ஜிமோந்தி. பெர்கமோ பக்கத்து செத்ரீனா ஊர்க்காரர். 1973 உலகப் பட்டமும் 1976 ஜீரோவும் பியாங்கி அணியில் இருந்து வென்றவை. அப்புறம் மார்க்கோ பந்தானி, 1998-இல் ஜீரோவும் தூரும். பந்தானியின் பெயரைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அடுத்த வருடமே ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்களின் அளவு வரம்பை மீறியதால் ஜீரோ முடியும் தறுவாயில் வெளியேற்றப்பட்டார், 2004-இல் ரிமினியில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்துபோனார். பழைய பிராண்ட் என்றால் அதன் வெற்றியோடு இந்தத் துயரமும் சேர்ந்துதான் வரும். கம்பெனிகள் முதல் பாதியை மட்டும் போஸ்டரில் போடுகின்றன. இரண்டும் தெரிந்து ஓட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த வரலாறெல்லாம் பெடலை மிதிக்க உதவுமா என்றால், நேரடியாக உதவாது. கிசாலோ ஏற்றத்தில் அது நன்றாகத் தெரியும். பெலாஜியோவிலிருந்து தொடங்கும்போது கோமோ ஏரி கீழே இருக்கும், உச்சி 754 மீட்டர் உயரத்தில். முதல் பாதிதான் கொடுமை, சில இடங்களில் சரிவு 14 சதவீதத்தைத் தொடும். அங்கே 34-க்கு 32 என்ற கியர் இருந்ததால்தான் உட்கார்ந்தபடியே ஏற முடிந்தது. 'பந்தயக் கியர்' என்று 28-ஓடு நிறுத்திக்கொள்ளும் வண்டிகளை மலைக்குப் புதியவர்கள் வாங்கவே கூடாது என்பேன். நடுவில் சமதளம் வந்து மூச்சு திரும்பும். உச்சியில் சைக்கிள் ஓட்டிகளுக்குக் காவல் மாதா என்று 1949-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்த சின்னக் கோயில் இருக்கிறது. உள்ளே சுவர் முழுக்கப் பழைய வீரர்களின் சைக்கிள்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், கோப்பியுடையது உட்பட. பக்கத்தில் 2006-இல் திறந்த அருங்காட்சியகம்.

அங்கே வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றபோது ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும், இன்னும் சைக்கிள் ஷூ போட்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் என் வண்டியின் பின்சக்கரத்தை ஒரு கையால் தூக்கி, மறு கையால் பெடலைச் சுற்றி, சக்கரம் ஓடுவதைக் குனிந்து பார்த்தார். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளி கூடிக் குறைவதை விரலால் காட்டி, கோட்டம் எடுக்கணும் என்றார். அப்புறம்தான் எந்த ஊர் என்று கேட்டார். ஜிமோந்தியை சிறு வயதில் சாலையோரம் நின்று பார்த்ததைச் சொன்னார். இந்தப் பேச்சு எனக்கு வேறு எந்த சைக்கிளோடும் கிடைத்திருக்காது. இத்தாலி மொழி தட்டுத்தடுமாறிப் பேசும் ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு இந்த நிறம் ஓர் அறிமுகக் கடிதம் போல வேலை செய்கிறது. ரயிலில், காப்பிக் கடையில், சிக்னலில் என்று பலமுறை இப்படி நடந்திருக்கிறது. பெயருக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி இங்கே திரும்பிவிட்டது.

பராமரிப்பு விஷயத்தில் இந்த வண்டியின் பெரிய பலம் அதன் சாதாரணத்தன்மை. கிராங்க் உட்காரும் இடத்தில் பழைய மாதிரி மரை போட்ட பேரிங் கப். தேய்ந்தால் கழற்றி மாட்டிவிடலாம், எந்தக் கடையிலும் உதிரி கிடைக்கும். அழுத்திப் பொருத்தும் நவீன வகைகளில் கறுமுறு என்று சத்தம் வந்து அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன், இதில் அந்தக் கதை இல்லை. 9 கியர் செயினும் கேசட்டும் 12 கியருக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். செயின் தேய்மானத்தை அளக்கும் தகடு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, நீண்டுவிட்டது என்று தெரிந்ததும் செயினை மாற்றிவிட்டால் கேசட் நெடுநாள் உழைக்கும். கேபிள்கள் பெரும்பாலும் வெளியே ஓடுவதால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். இன்றைய விலை உயர்ந்த வண்டிகளில் எல்லாக் கேபிளும் ஹேண்டில்பாருக்குள் மறைந்து போகிறது. பார்க்க அழகு, ஆனால் ஹேண்டில்பார் உயரத்தை மாற்றவே மெக்கானிக்கிடம் போக வேண்டியிருக்கிறது.

குளிர்காலம் மட்டும் சோதனை. உறைபனிக்காகச் சாலையில் உப்பு தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் பெயின்ட் இருக்கும் ஃபிரேமை அவ்வளவாகப் பாதிக்காது, இரும்புத் திருகுகளைத் தின்றுவிடும். பாட்டில் ஹோல்டரின் திருகு, பிரேக் கேபிள் முனையின் சின்ன மரை, சீட் கவ்வி, இவை மூன்றும் முதலில் போகும். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவையாவது அதை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போட வேண்டும். கூடவே வந்த சக்கரங்கள் கனமானவை, ஆனால் முரட்டு உழைப்பு. ரிம் பிரேக் என்பதால் மழையில் மணல் சேர்ந்து ரிம்மையே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். பிரேக் கட்டையில் பதிந்திருக்கும் அலுமினியத் துணுக்குகளை ஊசியால் நோண்டி எடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. மழையில் நீண்ட இறக்கம் இறங்குபவராக இருந்தால் டிஸ்க் பிரேக் மாடலுக்குப் போங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இப்போது காசுக் கணக்கு. நான் வாங்கிய காலத்தில் இதன் விலை ஆயிரம் யூரோவை ஒட்டி இருந்தது. அதே சோரா கியரோடு பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளின் சொந்த பிராண்ட் வண்டி அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. எடையிலும் ஓட்டத்திலும் அது குறைந்ததில்லை. வியா நிரோனேயின் ஃபிரேம் இத்தாலியில் செய்ததுமில்லை, ஆசியத் தொழிற்சாலையில் இருந்து வருகிறது. கம்பெனியே 1997 முதல் ஸ்வீடன் நாட்டு கிரிமால்தி குழுமத்தின் சைக்கிள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இத்தாலியப் பழம்பெயர்கள் பலவற்றின் நிலை இதுதான். கொல்னாகோ என்ற சைக்கிள் கம்பெனியின் பெரும்பங்கை 2020-இல் அபுதாபி முதலீட்டாளர்கள் வாங்கிவிட்டார்கள். ஆகவே 'இத்தாலியக் கைவேலை' என்ற எண்ணத்தோடு இந்த விலையில் பியாங்கி வாங்காதீர்கள். வடிவமைப்பு, உட்காரும் வாகு, நிறம், பெயர், இந்த நான்குக்குத்தான் கொடுக்கிறீர்கள்.

அதற்காகப் பெயர் வெறும் ஓடாகிவிட்டது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கார்பன் அடுக்குகளுக்கு நடுவே அதிர்வை உறிஞ்சும் ஒரு பொருளைச் சேர்த்து இன்ஃபினித்தோ சிவி என்ற வண்டியைச் செய்தார்கள். 2014 தூரில் மழையும் சேறுமாக இருந்த கல் சாலை நாளில் லார்ஸ் போம் அதில்தான் வென்றார். 2020-இல் வூட் வான் ஆர்ட் மிலான்–சான்ரேமோ பந்தயத்தை பியாங்கியில் வென்றார், அதே வருடம் ரோக்லிச் ஸ்பெயினைச் சுற்றும் வுவெல்தா பந்தயத்தையும் வென்றார். 2022-இல் வெளியான ஓல்த்ரே ஆர்சி என்ற வண்டியில் முன்பக்கம் காற்றைத் திருப்பும் இறக்கைகளை ஒட்டினார்கள். பந்தய விதி அதற்கு இடம் தரவில்லை, அணிகள் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டியிருந்தது. வெளியானபோது விலை பத்தாயிரம் யூரோவுக்கு மேல். அந்த வண்டியை நான் கடையில் தொட்டுப் பார்த்ததோடு சரி. என் பார்வையில் இந்தக் கம்பெனியின் இன்றைய ஈர்ப்பு அந்த உச்சியில் இல்லை. கோப்பியின் நிறத்தை ஒரு சாதாரணச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய அலுமினிய வண்டியின் மேலும் பூசுகிறார்களே, அதில் இருக்கிறது. நல்ல வண்டி என்பதோடு இது என் வண்டி என்ற பற்றும் சேர்வதால், துடைத்து, எண்ணெய் போட்டு, கோட்டம் எடுத்து, வருடக்கணக்கில் வைத்து ஓட்டுகிறோம். விலை மலிவான வண்டியை இரண்டு வருடத்தில் விற்றுவிட்டு அடுத்ததற்குப் போன நண்பர்களின் மொத்தச் செலவு என்னுடையதைவிடக் கூடத்தான்.

இந்தியாவில் ஒரு காலத்தில் சென்னையின் டிஐ சைக்கிள்ஸ் பியாங்கியை இறக்குமதி செய்து விற்றது. அந்த நாட்களின் வியா நிரோனேக்கள் செகண்ட் ஹேண்டாக இன்றும் கைமாறலாம். பார்த்தால் இவற்றைச் சோதியுங்கள். சீட் போஸ்ட்டை உருவச் சொல்லுங்கள், அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கடற்கரை ஊர் வண்டி என்றால் இதில் கூடுதல் கவனம். ஃபோர்க்கின் மேல்பகுதி கார்பனா அலுமினியமா என்று கேளுங்கள், கார்பன் என்றால் ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மைக் கழற்றி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்மின் பக்கவாட்டை விரலால் தடவுங்கள், உள்வாங்கிக் குழிந்திருந்தால் புதுச் சக்கரத்தின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். கேசட்டில் பெரிய சக்கரம் 28-ஓடு நின்றால் 32-க்கு மாற்ற முடியுமா என்று செயினைக் கியர் மாற்றும் பின் டீரெய்லரின் கை நீளத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அளவு சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல செலெஸ்தேயாக இருந்தாலும் வாங்க வேண்டாம். 55 அளவு ஃபிரேமில் உட்காருபவர் 59-ஐ வாங்கி ஸ்டெம்மைக் குறைத்துச் சமாளிப்பது முதுகுக்கு ஆகாது.